பதிலை அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள்: சின்னப் பிள்ளைகளோடு வீட்டில் செய்து பார்க்கச் சில வேலைகள்

என் மகளுக்கு அப்போது நாலு வயசு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது வெள்ளைச் சட்டையில் சாம்பாரைக் கொட்டிக்கொண்டாள். துவைக்கிற கல்லில் போட்டு சோப்புத் தேய்த்தேன். மஞ்சளாக இருந்த கறை கண்ணெதிரே செக்கச்செவேலென்று மாறியது. பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அம்மா, சட்டைக்கு ரத்தம் வருது!" என்று கத்தினாள்.

பள்ளிக்கூடத்தில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன். சோப்பு காரம், எலுமிச்சை அமிலம், மஞ்சள் ஒரு நிறங்காட்டி. பாதியிலேயே அவள் எழுந்து டிவி பார்க்கப் போய்விட்டாள். அவளுக்கு அந்தச் சிவப்பை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், தன் கையால் வரவைக்க வேண்டும், அவ்வளவுதான். நான் பேசிப் பேசி அந்த ஆசையை அணைத்துவிட்டேன். ஈரச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு கிண்ணம் மஞ்சள் தண்ணீரோடு ஆரம்பித்தேன். இன்றைக்குத் தெருப் பிள்ளைகள் ஆறேழு பேர் வருகிறார்கள். எல்லாருக்கும் நான் அத்தை. மூன்று முதல் ஏழு வயசு வரை உள்ள பிள்ளைகளோடு செய்து பார்த்து, சரியாக வந்தவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். புதிதாக அம்மா அப்பா ஆனவர்கள், அங்கன்வாடியில் இப்போதுதான் சேர்ந்தவர்கள், மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற அப்பத்தா, அம்மாச்சிகள், யார் வேண்டுமானாலும் செய்யலாம். கடையில் பெட்டி பெட்டியாக விற்கும் 'சயின்ஸ் கிட்' எதுவும் தேவையில்லை.

ஆரம்பிக்கும் முன்னால்

எவர்சில்வரில் உள்ளே நடப்பது தெரியாது. ஆகவே கண்ணாடி டம்ளர் நாலு வேண்டும். ஒரு பழைய தட்டு, நூல்கண்டு, சாக்பீஸ், ஒரு லென்ஸ், நாற்பது பக்க நோட்டு ஒன்று. லென்ஸ் மட்டும் கொஞ்சம் நல்லதாக வாங்குங்கள். மங்கலாகத் தெரிகிற லென்ஸைப் பிள்ளைகள் இரண்டாவது தடவை தொட மாட்டார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு வேலை போதும். மதுரை வெயிலில் காலை பத்து மணிக்குள், அல்லது சாயங்காலம் ஐந்துக்கு மேல். அக்னி நட்சத்திர நாட்களில் மாடியை மறந்துவிட்டு அடுப்படியிலோ திண்ணையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்ல வேண்டிய வாக்கியங்கள் இரண்டே இரண்டு. செய்வதற்கு முன்னால், "என்ன ஆகும்னு நினைக்கிற?" செய்து முடித்தபின், "மாத்திச் செஞ்சு பாப்போமா?" இந்த இரண்டுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம். எனக்கு அது பழக ஒரு வருடம் ஆனது. பிள்ளை தப்பாகச் சொன்னாலும் திருத்த வேண்டாம். அவள் சொன்னது சரியா என்று அந்தப் பொருளே காட்டிவிடும்.

இத்தாலியக் குழந்தைக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தவர். போர்க் காலத்தில் 1942 முதல் 1944 வரை நமக்குப் பக்கத்தில் கொடைக்கானலில்தான் இருந்தார். வேலையில் ஆழ்ந்திருக்கிற பிள்ளையைப் பெரியவர்கள் குறுக்கே போய்க் கலைக்கக் கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். பாராட்டுவதற்காகக்கூடக் குறுக்கே போகக் கூடாது என்பார். "சூப்பர் தங்கம்!" என்று நாம் கை தட்டிய மறுநொடியே பிள்ளை எறும்பை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும். நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆபத்துகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் அலட்சியம் கூடாது. பயறு, புளியங்கொட்டை, மணி எல்லாம் மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் போகும். போய்விட்டால் ஊக்கு, தீக்குச்சி கொண்டு நோண்டாமல் நேராக டாக்டரிடம் போங்கள். குன்றிமணி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கடித்துவிட்டால் கொடிய விஷம். ஆமணக்கு விதையும் அரளிக் காயும் அப்படியே. இவற்றை விளையாட்டுப் பொருளாக வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது. பொத்தான் மாதிரி இருக்கிற சின்ன பேட்டரி, குட்டிக் காந்தம் இரண்டையும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வேலை முடிந்ததும் வாளித் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். இரண்டு வயசுத் தம்பியோ தங்கையோ இருக்கிற வீட்டில் இதில் ஒரு நிமிடம்கூடத் தாமதம் வேண்டாம்.

முதல் சனிக்கிழமை: மஞ்சள்

தேவை: மஞ்சள்தூள், சோப்புத் தண்ணீர், ஆப்ப சோடா, அரை மூடி எலுமிச்சம்பழம், கொஞ்சம் புளித்தண்ணீர்.

1. ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு ஸ்பூன் மஞ்சளைப் பிள்ளையே கரைக்கட்டும். சிந்தும், சிந்தட்டும். கீழே பழைய நியூஸ்பேப்பர் விரித்துவிடுங்கள்.

2. அதை மூன்று டம்ளர்களில் ஊற்றுங்கள். ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் ஆப்ப சோடா, ஒன்றில் எலுமிச்சைச் சாறு. ஒவ்வொன்றையும் ஊற்றும் முன்னால் நிறுத்தி, "என்ன ஆகும்னு நினைக்கிற?"

3. சோப்பும் சோடாவும் விழுந்த டம்ளர்கள் சிவக்கும். எலுமிச்சை விழுந்தது மஞ்சளாகவே இருக்கும். பிள்ளைக்கு இது ஏமாற்றமாக இருக்கும். அந்த ஏமாற்றம் அப்படியே இருக்கட்டும்.

4. இப்போது சிவந்த டம்ளரில் எலுமிச்சையைப் பிழியச் சொல்லுங்கள். சிவப்பு திரும்பவும் மஞ்சளாகிவிடும். சோடா போட்டால் மறுபடி சிவப்பு.

இந்த நாலாவது இடத்தில் எங்கள் மாடியில் எப்போதும் ஒரே கூச்சல்தான். பிள்ளைகள் பத்துத் தடவை, பதினைந்து தடவை மாற்றி மாற்றி ஊற்றுவார்கள். சோடா தீர்ந்தால் இன்னொரு பாக்கெட் வாங்கிக் கொடுங்கள். புளித்தண்ணீர், மோர், ஷாம்பு, சாம்பல் கரைத்த தண்ணீர் என்று அவர்களாகவே தேடிப் போவார்கள். எது சிவக்கும், எது சிவக்காது என்று நோட்டில் இரண்டு பக்கமாகப் பிரித்து வரையச் சொல்லுங்கள். எழுதத் தெரியாவிட்டால் படம் போதும்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ யாராவது ஒரு பிள்ளை, "அத்தை, ஆரத்தி!" என்று சொல்லும். கல்யாண வீட்டு வாசலில் சுற்றுகிற ஆரத்தித் தட்டில் இருப்பதும் மஞ்சளும் சுண்ணாம்பும்தான். அந்தச் சிவப்பும் இந்தச் சிவப்பும் ஒன்று என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கிற நேரம் வரை நீங்கள் அதைச் சொல்லாமல் இருக்க வேண்டும். ஒன்று: பிள்ளைகள் கையில் சுண்ணாம்பு கொடுக்க வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுத்துவிடும். சோப்பும் ஆப்ப சோடாவும் போதும்.

செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்து இதையே திரும்பச் செய்யலாம். எலுமிச்சை பட்டால் சிவப்பாகவும், சோப்புப் பட்டால் பச்சையாகவும் திரும்பும். நீலச் சங்குப்பூ இன்னும் அழகு.

சுங்குடிக் கைக்குட்டை

மஞ்சள் பழகிய பிள்ளைகளுக்கு அடுத்தது இது. மதுரைச் சுங்குடி தெரியாதவர்கள் இங்கே யார்? துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் நனைத்தால், முடிச்சுக்குள் சாயம் போகாமல் புள்ளி விழும். 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய தொழில் அது. அதன் கடைக்குட்டி வடிவம்தான் நாம் செய்யப்போவது.

வெள்ளைப் பருத்திக் கைக்குட்டை ஒன்று எடுங்கள். பாலியஸ்டரில் சாயம் ஏறாது. அங்கங்கே துணியைக் கிள்ளி, உள்ளே ஒரு கடலைப்பருப்பு வைத்து, நூலை இறுக்கிச் சுற்றுங்கள். ஐந்து வயசுக்கு மேல் பிள்ளைகளே சுற்றிவிடுவார்கள். அதற்குக் கீழே என்றால் ரப்பர் பேண்ட். மஞ்சள் போட்டுக் கொதிக்கவைக்கிற வேலை உங்களுடையது. ஆறியபின் துணியை ஊறவைப்பது அவர்களுடையது. அரைமணி நேரம் கழித்துப் பிழிந்து, நிழலில் உலர்த்தி, முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

அவிழ்க்கும்போது நீங்கள் கை வைக்காதீர்கள். ஒரு முடிச்சுக்கு ஐந்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும். போன ஆடி மாதம் மாடி வீட்டுப் பெண் நாக்கைத் துருத்திக்கொண்டு ஒற்றை முடிச்சோடு போராடினாள். நூல் விடுபட்டதும் உள்ளே வெள்ளை வட்டம். அதன் நடுவில் மஞ்சளாக ஒரு குட்டிப் புள்ளி. நூல் கொஞ்சம் தளர்ந்திருந்ததால் சாயம் உள்ளே ஊறியிருக்கிறது. "உள்ள எப்படிப் போச்சு?" என்று அவளே கேட்டாள். "நீ என்ன நினைக்கிற?" என்றேன். நூலைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "இது லூஸு" என்றாள். அடுத்த கைக்குட்டையில் அவள் சுற்றிய நூலை அவிழ்க்க என்னாலேயே முடியவில்லை.

மஞ்சள் தோய்த்த துணியை நம் வீட்டுப் பெரியவர்கள் ஏன் நிழலில் உலர்த்துகிறார்கள்? இதையும் சொல்லாமல் செய்து காட்டலாம். மஞ்சள் துணி ஒன்றைப் பலகையில் விரித்து, மேலே வேப்பிலை, சாவி, பத்து ரூபாய் நாணயம் என்று எதையாவது அடுக்கி, பறக்காமல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து நல்ல வெயிலில் விடுங்கள். கண்ணாடியின் விளிம்பில் டேப் ஒட்டிவிடுங்கள், கை கிழிக்கும். ஒரு நாள், இரண்டு நாள் கழித்து எடுத்தால் வெயில் பட்ட இடம் வெளுத்திருக்கும். வேப்பிலை இருந்த இடத்தில் வேப்பிலை அப்படியே மஞ்சளாக நிற்கும்.

சிரட்டையில் முளைப்பாரி

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான். நம் பக்கத்து ஊர்களில் மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். நவதானியத்தை எருவில் தூவி, மூடிய அறையில் வைத்து வளர்த்து, தலையில் சுமந்து போய்க் கடைசியில் கம்மாயிலோ குளத்திலோ கரைப்பார்கள். அந்தப் பயிர் ஏன் வயல் பயிர் மாதிரிப் பச்சையாக இல்லாமல் வெளிறிய மஞ்சளாக இருக்கிறது? இந்தக் கேள்விதான் வேலையின் உயிர். ஆனால் நீங்கள் கேட்க வேண்டாம், அது பிள்ளையிடமிருந்து வரட்டும்.

1. ராத்திரி ஒரு கைப்பிடி தட்டைப்பயறும் பாசிப்பயறும் ஊறப்போடுங்கள். இரண்டிலும் கொஞ்சத்தை ஊறப்போடாமல் தனியே எடுத்து வையுங்கள்.

2. காலையில் ஊறியதையும் ஊறாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊறிய தட்டைப்பயறின் தோலை உரித்து இரண்டாகப் பிளந்தால், ஓரத்தில் குட்டியாக ஒரு முளை ஒட்டிக்கொண்டிருக்கும். லென்ஸ் கொடுங்கள். இந்த இடத்தில் கால்மணி நேரம் போனாலும் அவசரப்படுத்தாதீர்கள். ஒரு பையன், "பாப்பா தூங்குது" என்று கிசுகிசுத்தான். அதற்கப்புறம் எங்கள் மாடியில் அதற்குப் பேரே பாப்பாதான்.

3. கண் துளைத்த தேங்காய்ச் சிரட்டை இரண்டு. மண்ணும் நன்றாகக் காய்ந்து மக்கிய சாணி எருவும் கலந்து முக்கால் அளவு நிரப்பி, பயறைத் தூவி, மேலே லேசாக மண் போடுங்கள்.

4. ஒன்று ஜன்னல் ஓரம். இன்னொன்றின் மேல் ஒரு வாளியையோ பழைய பானையையோ கவிழ்த்துவிடுங்கள். தினமும் காலையில் இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரே அளவு என்பதைப் பிள்ளையே ஒரு மூடியால் அளக்கட்டும்.

5. நாலைந்து நாளில் வாளியைத் தூக்கும்போது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். இருட்டில் இருந்தது ஜன்னலில் இருந்ததைவிட உயரமாக, மெலிசாக, மஞ்சளாக நிற்கும்.

உயரத்தை அளக்க ஸ்கேல் வேண்டாம். ஐந்து வயசுப் பிள்ளைக்கு சென்டிமீட்டர் என்றால் ஒன்றும் இல்லை. தினமும் செடியின் உயரத்துக்கு நூலை வெட்டி நோட்டில் வரிசையாக ஒட்டச் சொல்லுங்கள். ஜன்னல் செடிக்குப் பச்சை நூல், வாளிச் செடிக்கு மஞ்சள் நூல். ஒரு வாரத்தில் நோட்டில் நூல்கள் படி படியாக ஏறி நிற்கும். எண் தெரியாத பிள்ளையும் எது எந்த நாளில் தாவியது என்று விரலை வைத்துக் காட்டிவிடும்.

இருட்டில் இருந்தது ஏன் உயரமாக வளர்ந்தது என்று நான் கேட்கவில்லை. என் மகளே சொன்னாள்: "அதுக்குப் பயமா இருக்கு. வெளிய ஓடி வரப் பாக்குது." பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் இருப்பதும் ஏறக்குறைய இதேதான். வெளிச்சம் இல்லாத செடி பச்சையம் உண்டாக்காமல், இருக்கிற சத்தையெல்லாம் தண்டை நீட்டுவதில் செலவழித்து வெளிச்சத்தைத் தேடுகிறது. இதை உங்களுக்காகத்தான் எழுதினேன். பிள்ளையிடம், "அப்ப வெளிய கொண்டுவந்தா?" என்று மட்டும் கேளுங்கள். மஞ்சள் சிரட்டையை வெளிச்சத்தில் வைத்தால் ஓரிரு நாளில் பச்சை ஏறும்.

அன்றைக்கு மாடிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அப்பத்தா சிரட்டையைப் பார்த்துவிட்டு, "நாங்க முளைப்பாரி போட்ட ரூம்புல ஒரு ஓட்டை இருந்தாலும் அடைப்போம்த்தா. வெளிச்சம் பட்டா அந்தப் பக்கம் மட்டும் பச்சை அடிச்சிரும்" என்றார். பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். மறுநாளே வாளியின் பக்கத்தில் ஓட்டை போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். உடைந்த வாளி ஒன்று கிடைத்தது. செடிகள் எல்லாம் ஓட்டையைப் பார்த்து வளைந்தன.

எறும்பு

இதற்கு வாங்க வேண்டியது எதுவுமே இல்லை. வெல்லம், உப்பு, தேங்காய்ப்பூ, கோலமாவு நான்கையும் ஒரு ஜாண் இடைவெளியில் சிட்டிகை சிட்டிகையாக வையுங்கள். எதற்கு முதலில் வரும் என்று பிள்ளை பந்தயம் கட்டட்டும். வாசலில் அரிசிமாவில் கோலம் போடுகிற வீடு என்றால் கோலமாவு பக்கம்தான் எல்லாரும் கட்டுவார்கள். கல்மாவாக இருந்தால் எறும்பு திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த வித்தியாசத்தையும் பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள்.

எறும்புச் சாரை நன்றாக ஓட ஆரம்பித்தபின், நடுவில் ஒரு இடத்தை ஈரத்துணியால் குறுக்கே ஒரு துடைப்பு துடையுங்கள். எறும்பை நசுக்கக் கூடாது, தரையை மட்டும். இரண்டு பக்கமும் எறும்புகள் தடுமாறி நிற்கும். சில திரும்பிப் போகும். சில சுற்றிச் சுற்றி வரும். கொஞ்ச நேரத்தில் ஒன்று எப்படியோ தாண்டும், பின்னாலேயே மற்றவை. எறும்புகள் தரையில் விட்டுப்போகும் வாசனையைப் பிடித்துத்தான் பின்னால் வருபவை நடக்கின்றன. இதையும் நீங்கள் மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். "பள்ளத்தைப் பாத்துட்டாங்க", "ரோட்டை அழிச்சிட்டோம்", "கண்ணு தெரியல" என்று பிள்ளைகள் சொல்லும் காரணங்கள் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்கலாம். ஈரம்தான் காரணம் என்றால் காய்ந்த துணியால் துடைத்துப் பார்ப்போம். பள்ளம் என்றால் துடைக்காமல் கோடு மட்டும் கீறிப் பார்ப்போம். இப்படி ஒரே சாரையில் ஒரு சாயங்காலம் முழுக்க ஓடிவிடும்.

பிள்ளையார் எறும்பு, கறுப்பெறும்பு போதும். சுள்ளெறும்பு, கட்டெறும்புப் புற்றுப் பக்கம் போகாதீர்கள்.

கையோடு செய்கிற சின்ன வேலைகள்

ஜிகர்தண்டாவில் போடுகிற பாதாம் பிசின் ஒரு சின்னக் கட்டி வாங்கி, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போடுங்கள். ராத்திரி படுக்கும் முன்னால் வெளியே ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு. காலையில் பிசின் டம்ளரை நிறைத்திருக்கும். சப்ஜா விதை என்றால் சில நிமிடத்திலேயே சட்டை போட்டுக்கொள்ளும். காய்ந்த பிசினையும் விதையையும் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொண்டையில் ஊதிவிடும்.

மழைக்குப் பின் வேலியோரம் ஊதாப் பூ பூக்கும் பட்டாசுக்காய்ச் செடியின் காய்ந்த காய்களைப் பொறுக்கித் தண்ணீரில் போட்டால் 'டப்'பென்று வெடித்து விதை தெறிக்கும். நாமெல்லாம் எச்சில் தொட்டு வெடிக்கவைத்ததுதான். முகத்துக்குக் கிட்டே வேண்டாம்.

தோலோடு கமலா ஆரஞ்சு மிதக்கும், தோலை உரித்தால் முங்கும். பூக்கடையில் தாமரை இலை கேட்டு வாங்கி, இங்க் ஃபில்லரால் தண்ணீர்ச் சொட்டு விட்டு உருட்டி விளையாடலாம். பழைய ஸ்பீக்கர் காந்தம் கிடைத்தால் பாலிதீன் பையில் சுற்றி ஆற்று மணலில் இழுங்கள். கறுப்பு மயிர் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். எம்-சாண்டிலும் இழுத்து எதில் அதிகம் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நிழல் இல்லாத நேரம்

இதற்கு நாள் பார்த்துச் செய்ய வேண்டும். மதுரையில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வருவது வருடத்துக்கு இரண்டே நாள்தான். ஏப்ரல் நடுவில், சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாளில் ஒன்று. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இன்னொன்று. அன்றைக்கு மதியம் சுமார் 12:18-க்கு நேராக நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாலே போதும், நிழல் சுருங்கிச் சுருங்கி டம்ளருக்கு அடியில் போய்விடும்.

அதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே, காலை எட்டு, ஒன்பது, பத்து என்று மாடியில் குச்சியின் நிழல் நுனியைச் சாக்பீஸால் குறித்து வாருங்கள். மதிய வெயிலில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம், தலைக்குத் துண்டு, காலுக்குச் செருப்பு. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள். இது ஒன்றை மட்டும் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும் என்று விட முடியாது.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னொன்று. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை மதிய நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே. ஜனவரியில் ஒரு கோடு, ஜூனில் ஒரு கோடு போட்டு வைத்தால் அடுத்த வருடமும் மாடியில் இருக்கும்.

கறிவேப்பிலைச் செடியில் ஒரு புழு

தொட்டியில் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருக்கிற வீட்டில், இலை மேல் காக்கை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் தட்டிவிடாதீர்கள். அது வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்தால் பச்சையாகிவிடும். தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரிக் கொம்பு நீட்டி நாற்றம் விடும். பிள்ளைகளுக்கு அதைப் பார்க்கத்தான் ஆசை. ஒரு தடவை போதும் என்று சொல்லிவையுங்கள்.

முதல் தடவை நான் செய்த தப்பை எழுத வேண்டும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் புழுவை விட்டு, இலை வாடாமல் இருக்கட்டும் என்று தண்ணீர் தெளித்து, மூடியை இறுக்கி மூடினேன். உள்ளே வேர்த்து, பூஞ்சை பிடித்து, மூன்றாம் நாள் புழு செத்துப்போனது. என் மகள் அழுத அழுகை எனக்கு மறக்காது. "நாமதான் கொன்னுட்டோமா?" என்று கேட்டாள். "ஆமா, நான் மூடியை இறுக்கி மூடியிருக்கக் கூடாது" என்றுதான் சொன்னேன்.

இரண்டாவது தடவை பாட்டில் வாயில் மெல்லிய துணி கட்டினோம். தண்ணீர் தெளிக்கவில்லை. அதே செடியின் இலையைத் தினமும் மாற்றினோம். கடை இலையில் மருந்து அடித்திருக்கும், போடாதீர்கள். ஏறிக்கொள்ள ஒரு சுள்ளி. தினமும் புழுக்கையைக் கொட்டிச் சுத்தம் செய்வது பிள்ளையின் வேலை. ஒரு நாள் புழு சாப்பிடுவதை நிறுத்திச் சுள்ளியில் ஒரு நூலால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆனது. அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் ஒன்றுமே நடக்காது. அந்தக் காத்திருப்பைச் சுருக்க முடியாது. தினமும் காலையில் எழுந்ததும் பாட்டிலுக்கு ஓடுவதுதான் அந்த நாட்களின் பாடம். வெளியே வந்த பூச்சியின் இறக்கை கசங்கியிருக்கும். விரிந்து காய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். தொடக் கூடாது. துணியை அவிழ்த்துச் செடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு விலகி உட்காருங்கள்.

வெளியே போவதென்றால்

ஒரே ஒரு இடம் என்றால் கீழடி. மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். அருங்காட்சியகம் 2023-இல் திறந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு எல்லாக் கண்ணாடிப் பெட்டியையும் காட்டி விளக்கம் சொல்லிக் களைப்பாக்காதீர்கள். சுட்ட மண்ணில் செய்த வட்டச் சில்லுகளை மட்டும் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இருந்தவர்களும் சில்லு வைத்து விளையாடியிருக்கிறார்கள் என்றால், தெருவில் நொண்டி ஆடுகிற பிள்ளைக்கு வேறு என்ன வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் உடைந்த மண்சட்டித் துண்டுகளை ஓரம் தேய்த்து மழுக்கி, மணல் நிரப்பிய அன்னக்கூடையில் புதைத்துவிடுங்கள். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மெல்ல மெல்ல எடுத்து, எந்தத் துண்டு எதோடு சேரும் என்று பொருத்திப் பார்ப்பார்கள்.

கீழக்குயில்குடி சமணர் மலைக்குக் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். அடிவாரத்து ஆலமரமும் தாமரைக் குளமும் போதும், மேலே ஏற வேண்டும் என்று கட்டாயமில்லை. நத்தம் ரோட்டில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. மாடியில் பார்த்த எறும்பை அங்கே படத்தில் பார்க்கிற சந்தோஷம் தனி.

பிள்ளை திரும்பியே பார்க்கவில்லை என்றால்

நடக்கும். எடுத்து வைத்துவிடுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள். பசி, தூக்கம், வேர்வை, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். இல்லையென்றால் நீங்கள் அதிகம் பேசியிருப்பீர்கள். சில பிள்ளைகள் முதல் இரண்டு வாரம் தள்ளி நின்று பார்ப்பார்கள். எங்கள் மாடியில் ஒரு பையன் ஒரு மாதம் தண்ணீர்த் தொட்டியோரமே நின்றான். முளைப்பாரிக்குத் தண்ணீர் அளக்கிற மூடியைக் கேட்டு வாங்கியதுதான் அவன் எங்களோடு பேசிய முதல் பேச்சு.

பதில் தெரியாத கேள்விகளுக்கு எங்கள் மாடிக் கதவில் ஒரு இடம் வைத்திருக்கிறோம். பிள்ளை கேட்டதைக் கேட்டபடியே, தேதி போட்டுச் சாக்பீஸில் எழுதுவேன். எழுதியதைப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது தன் கேள்வி என்று தெரியும்.

இப்போது அங்கே இருக்கிற கேள்வி மல்லியைப் பற்றியது. விடிகாலையில் பறித்த மொட்டுகள் பத்தைப் பூக்காரம்மா கொடுத்தார். ஐந்தைத் தட்டிலும், ஐந்தை ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜிலும் வைத்தோம். பொழுது சாய்ந்தபின் தட்டில் இருந்தவை ஒவ்வொன்றாக வாய் திறந்தன. மாடி முழுக்க வாசனை. ஃப்ரிட்ஜில் இருந்தவை மூடியே கிடந்தன. அதுவரை எதுவும் பேசாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்த தொட்டியோரத்துப் பையன் கேட்டான்: "ராத்திரி ஆயிருச்சுன்னு மல்லிக்கு யாரு சொன்னா? பகல்லயே பெட்டிக்குள்ள வச்சு மூடுனா பூத்துருமா?"

செருப்பு டப்பா ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை காலையில் வர இருபது மொட்டு சொல்லியாகிவிட்டது.